ஒரு யூரோ பெறுமதியான வண்டிகள்



ஸ்ருட்கார்ட் நகரின் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. 2006 மே மாதம் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் ஒன்பது தளங்களில் 160 வாகனங்கள் வரை நிற்கின்றன. லிப்டில் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சுழன்று சுழன்று இறங்கி வரவேண்டும். இறங்குவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, வெளிச்சம் குறைந்த மண்டபங்களூடாகக் கம்பனியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போகும். மற்றது, யன்னல் வைத்த கூடங்களூடாக, வாகனங்கள் செய்த வேலையை வைத்து அவற்றைப் பிரித்துக் காட்டும். ஆட்களை ஏற்றியவை, சுமை ஏற்றியவை, பிரபலங்கள் பாவித்தவை என்று அந்த வரிசை போகும். இந்த வரிசையில் மூன்றாவதாக வருவது 'உதவி செய்வோர்' கூடம். தீயணைப்பு வண்டி, அம்புலன்ஸ், பொலிஸ் வாகனம், நகரசபைச் சேவை வாகனம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது.

அடுத்த கூடத்தில் பாப்பரசர் ஏறிய வண்டி இருப்பதாலோ என்னவோ, பலர் இங்கே அதிகம் நிற்பதில்லை. எனக்கோ இதுதான் பிடித்த கூடம். கணக்கெழுதுவது தொழிலானபடியால் எந்த வண்டியைப் பார்த்தாலும் 'இதற்கு யார் காசு கொடுத்தார்?' என்ற கேள்விதான் முதலில் வரும். இங்கே நிற்கும் எதையும் எவரும் ஆசைக்கு வாங்கவில்லை. சபையிலே தீர்மானம் போட்டு, விலைமனுக் கோரி, வரிப்பணத்தில் வாங்கியவை இவை. வாங்கியவர்கள் எல்லோரும் 'இது பாவிக்கப்படாமல் நிற்கவேண்டும்' என்று வேண்டிக்கொண்டே வாங்கியவை என்றும் சொல்லலாம், குப்பை லொறியைத் தவிர.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அருங்காட்சியகத்தால் வண்டியை மட்டுந்தான் காட்ட முடியும். அந்த வண்டியை அழைத்த தொலைபேசி, ஓடிவந்து ஏறிய ஆட்கள், எந்த நேரத்துக்குள் வரவேண்டும் என்ற விதி, இவை கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கா. ஜேர்மனியில் இந்த வண்டிகளின் கதை உண்மையில் அந்தக் காணாத பகுதியின் கதைதான். அதைத்தான் இம்மாத உரையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தீயணைப்பு. மோட்டாருக்கு முந்திய காலத்தில் தீயணைப்பு இயந்திரம் என்பது சில்லு வைத்த ஒரு தொட்டியும் கைப்பம்பும். நீண்ட கைபிடியின் இருபக்கமும் ஆட்கள் நின்று மாறி மாறி அமுக்கவேண்டும். எங்கள் ஊரில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு அந்தக் களைப்பு விளங்கும். சில நிமிடங்களில் மூச்சு வாங்கும். அடுத்த அணி ஆயத்தமாக நிற்கவேண்டும். ஆகவே பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பழகிய ஆட்கள் இல்லையென்றால் அது வெறும் இரும்பு.

இதை ஜேர்மன் மக்களுக்கு உணர்த்தியது கார்ல்ஸ்றூகே நகரத்தில் நடந்த ஒரு விபத்து. 1847 பெப்ரவரி 28ஆம் திகதி அங்குள்ள அரச நாடக அரங்கு தீப்பற்றியது. வாயு விளக்கிலிருந்து பரவிய தீ. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அருகிலுள்ள டுர்லாக் என்ற சிறிய ஊரில் அதற்கு முந்திய ஆண்டுதான் கிறிஸ்தியான் ஹெங்ஸ்ற் என்பவர் தொண்டர்களைச் சேர்த்து ஒரு தீயணைப்புப் படையை உருவாக்கியிருந்தார். கார்ல் மெட்ஸ் என்ற உற்பத்தியாளரின் பம்பும் அவர்களிடம் இருந்தது. அவர்கள் வந்து முறைப்படி வேலை செய்ததால் தீ அயல் கட்டடங்களுக்குத் தாவாமல் நின்றது. அதன் பின்னர் ஊருக்கு ஊர் தொண்டர் படைகள் தோன்றின. (முதலாவது படை எங்களுடையதுதான் என்று சாக்சனியில் உள்ள மைசன் நகரமும் உரிமை கோருகிறது. அந்த வழக்குக்குள் நாம் போகவேண்டாம்.) இன்றைக்கும் இந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புப் படை நூற்றுச் சொச்சம் பெரிய நகரங்களில்தான் உண்டு. மற்ற எல்லா ஊர்களிலும் பேக்கரிக்காரரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும்தான் வேலையை விட்டு ஓடிவருகிறார்கள். அப்படிப்பட்ட தொண்டர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நாங்கள் பலர் முப்பது வருடங்களாக இங்கே வாழ்ந்தும், பக்கத்துத் தெருவில் சிவப்பு வண்டி ஓட்டுபவர் சம்பளக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

கைப்பம்புக்குப் பிறகு நீராவிப் பம்பு வந்தது. வலு அதிகம், ஆனால் கொதிகலனில் நீராவி ஏறும்வரை காத்திருக்கவேண்டும். வீடு எரியும்போது அடுப்பு மூட்டுகிற மாதிரி. இந்த இடத்தில்தான் கொட்லீப் டைம்லர் வருகிறார். ஸ்ருட்கார்ட்டின் பாட் கான்ஸ்ரற் பகுதியில் தன் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டிலில் அவரும் வில்கெல்ம் மைபாக்கும் சிறிய, வேகமான மோட்டாரைச் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத தோட்டக்காரர், கள்ளக்காசு அடிக்கிறார்கள் என்று பொலிசுக்குச் சொல்ல, பொலிஸ் வந்து பார்த்தால் அங்கே இருந்தது வெறும் இயந்திரங்கள்!

அந்த மோட்டாரை டைம்லர் காரில் மட்டும் பூட்டவில்லை. படகில் பூட்டினார், தண்டவாள வண்டியில் பூட்டினார். 1888இல் தீயணைப்புப் பம்பிலும் பூட்டினார். அதே ஆண்டு ஹனோவரில் கூடிய தீயணைப்பாளர் மாநாட்டில் அதைக் காட்டினார். காப்புரிமையும் பெற்றார். வண்டியை இழுத்தது குதிரைகள்தான், மோட்டார் பம்பை மட்டுமே இயக்கியது. ஆனாலும் நீராவிக்குக் காத்திருந்த நேரம் சில நிமிடங்களாகக் குறைந்தது. துலாவுக்குப் பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்த நாளை நினைத்துப் பாருங்கள், அதே மாற்றம்தான்.

குதிரையையும் விட்டது ஹனோவர் நகரம். 1902இல் அங்கே குதிரையில்லாத ஒரு தீயணைப்பு அணி ஓடத் தொடங்கியது. அதில் மின்கலத்தில் ஓடிய வண்டிகள் இருந்தன என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். மின்சார வண்டி உடனே கிளம்பும், குதிரைக்குச் சேணம் கட்டும் வேலை இல்லை, நகருக்குள் தூரமும் குறைவு. 2021இல் பேர்லின் தீயணைப்புப் படை மின்சார வண்டியைப் பரீட்சித்தபோது எல்லோரும் புதுமை என்றார்கள். கணக்கை 119 வருடம் பின்னால் தள்ளிப் பார்க்கவேண்டும்.

நிறத்தையும் சத்தத்தையும் பற்றிச் சில வார்த்தைகள். பழைய தீயணைப்பு வண்டிகளுக்கு நடுவே கடும் பச்சை நிறத்தில் ஒன்று நின்றால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். 1938 நவம்பரில் ஹிட்லர் அரசு கொண்டுவந்த சட்டம் தீயணைப்புப் படையைப் பொலிசுக்குக் கீழே கொண்டுபோனது. வண்டிகளும் பொலிஸ் பச்சைக்கு மாறின. ஊராரின் தொண்டர் படை, அரசின் அதிகாரக் கருவி ஆகிவிட்டது என்பதை அந்தப் பெயின்ற் சொல்கிறது. போருக்குப் பின்னர் படைகள் மீண்டும் ஊர்ச் சபைகளிடம் வந்தன, சிவப்பும் வந்தது. ஆனால் அந்தக் காலத்து ஒரு விடயம் நிலைத்துவிட்டது. அதுதான் நீல வெளிச்சம். விமானத் தாக்குதலை எதிர்பார்த்து நகரங்களை இருட்டாக்கும் ஆயத்தம் நடந்த 1938இல்தான் பொலிசுக்கும் தீயணைப்புக்கும் நீல விளக்கு விதிக்கப்பட்டது. மேலேயிருந்து பார்ப்பவருக்கு நீலம் தூரத்தில் தெரியாது என்பது காரணம். இன்று நாம் வீதியோரம் ஒதுங்குவது அந்த விளக்குக்குத்தான்.

சத்தத்தின் கதை இதைவிட இனிமையானது. ஜேர்மன் குழந்தைகள் 'தத்தூ தத்தா' என்று பாடும் அந்த இரட்டைச் சுரத்துக்கு 'மார்ட்டின் ஹோர்ன்' என்று பெயர். புனித மார்ட்டினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மார்ட்டின் என்பது கம்பனி முதலாளியின் பெயர். இசைக்கருவிகளுக்குப் பேர்போன மார்க்நொய்கிர்ஷன் ஊரில் எக்காளம் செய்த கம்பனி அது. 1930களின் தொடக்கத்தில் வாகனங்களுக்கு இந்தக் குழலைச் செய்தது. வாத்தியம் செய்தவர்களின் கைவேலையானபடியால்தான் அது அலறலாக இல்லாமல் சுரமாகக் கேட்கிறது போலும்.

இனி அம்புலன்ஸ். இந்த உரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

1950களின், 60களின் அம்புலன்ஸ்களைப் பார்த்தால் அழகாக இருக்கும். நீண்ட கார், பின்னால் படுக்கை, பால் வெள்ளைக் கண்ணாடி. உள்ளே எட்டிப் பாருங்கள். படுக்கையைத் தவிர அதிகம் ஒன்றும் இராது. ஏனென்றால் அன்றைய எண்ணம் 'நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்' என்பதுதான். வழியிலேயே வைத்தியம் என்பது இல்லை. இதை மாற்றவேண்டும் என்று முதலில் முயன்றவர்களில் ஹைடல்பேர்க் பல்கலைக்கழக அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் கார்ல் ஹைன்றிஷ் பவுவர் ஒருவர். 1957இல் அவர் பஸ் அளவில் ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தையே சில்லில் ஏற்றினார். 'கிளினோமொபில்' என்று பெயர். எண்ணம் சரி, வண்டிதான் பிழை. பெரிய உடம்பு, மெதுவான ஓட்டம், அதிக செலவு. வீதியோரத்தில் வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டிய தேவையும் அபூர்வம். காயப்பட்டவருக்கு முதலில் வேண்டியது மூச்சும் இரத்த ஓட்டமும் நிற்காமல் பார்க்கும் ஒரு வைத்தியர். 1964இல் அதே ஹைடல்பேர்க்கில் எபர்ஹார்ட் கோக்லர் என்ற வைத்தியர் கண்ட விடை ஒரு சாதாரண வொக்ஸ்வாகன் வண்டுக் கார்! வானொலித் தொடர்புக் கருவி பூட்டிய அந்தச் சின்னக் காரில் வைத்தியர் தனியாக ஓடுவார், அம்புலன்ஸ் வேறு இடத்திலிருந்து வரும், இரண்டும் விபத்து நடந்த இடத்தில் சந்திக்கும். இன்றைக்கும் ஜேர்மனியின் பெரும்பகுதியில் அவசர வைத்தியர் வருவது இந்த முறைப்படிதான். பஸ் விலையில் கிடைக்காதது வண்டுக் கார் விலையில் கிடைத்தது. செலவுக் கணக்குப் படிப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணங்களில் இது ஒன்று.

ஆனால் வைத்தியருக்கு வானொலி இருந்தது ஹைடல்பேர்க்கில். மற்ற ஊர்களில்?

ஸ்ருட்கார்ட்டிலிருந்து நகர ரயிலில் போகக்கூடிய தூரத்தில் வின்னெண்டன் என்ற ஊர் இருக்கிறது. 1969 மே 3ஆம் திகதி, நீச்சல் தடாகத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பியோர்ன் ஸ்ரைகர் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கார் ஒன்று மோதியது. வீதியில் நின்றவர்கள் உடனே பொலிசுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் சொன்னார்கள். அம்புலன்ஸ் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆனது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் பிள்ளை இறந்துவிட்டான். காயங்களால் அல்ல, அதிர்ச்சி நிலையால் இறந்தான் என்றார்கள். அதாவது நேரத்துக்கு உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான்.

அன்றைக்கு அம்புலன்ஸ் இல்லாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுபவரும் இருந்தார். இல்லாமல் போனது, வண்டிக்கும் வண்டியை வேண்டியவருக்கும் நடுவிலுள்ள தொடர்பு. பெரும்பாலான அம்புலன்ஸ்களில் வானொலி இல்லை. ஒருமுறை வெளியே போனால், திரும்பி நிலையத்துக்கு வரும்வரை அவர்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே அவசர இலக்கம் கிடையாது. சில நகரங்களில் 110, 112 இருந்தன. மற்ற இடங்களில் பொலிசுக்கு ஓர் இலக்கம், அம்புலன்சுக்கு இன்னோர் இலக்கம், பக்கத்து ஊரில் வேறு இலக்கம்.

பிள்ளையின் பெற்றோர் ஊற்றேயும் சீக்பிரீட் ஸ்ரைகரும் இரண்டு மாதங்கள் கழித்து, 1969 யூலை 7ஆம் திகதி, மகன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அம்புலன்ஸ்களுக்கு வானொலித் தொடர்பு, வீதியோரங்களில் அவசரத் தொலைபேசி, நாடு முழுவதற்கும் பொது இலக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனார்கள். 'இது எங்கள் பொறுப்பு அல்ல' என்று ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் கைகாட்டியது. 1973இல் சீக்பிரீட் ஸ்ரைகர் அரசின்மீது வழக்கே போட்டார். வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் பத்திரிகைகள் அதை விடவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பர் 20ஆம் திகதி மத்திய அரசும் மாநில முதல்வர்களும் கூடி 110, 112 இலக்கங்களை நாடு முழுவதும் கொண்டுவர முடிவெடுத்தார்கள். 1991இல் ஐரோப்பிய நாடுகள் 112ஐப் பொது இலக்கமாக ஏற்றன. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கும் அந்த மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறான்.

இலங்கையிலும் இதே படியைத் தாண்ட வெகுகாலம் எடுத்தது. இந்திய உதவியோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய 'சுவ செரிய' இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 யூலையில்தான் வடக்குக்கு வந்தது. இலக்கம் 1990. ஊரில் வயதான அம்மா அப்பா இருக்கும் நேயர்கள், இந்த இலக்கம் அவர்களுடைய தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று ஒருதரம் கேளுங்கள்.

இனி, அருங்காட்சியகங்களில் ஆகக் குறைவாகக் காணப்படும் வண்டிக்கு வருவோம். அதுதான் குப்பை லொறி. தீயணைப்பு வண்டி முப்பது வருடம் கராஜுக்குள் நிற்கும். தொண்டர்கள் சனிக்கிழமை தோறும் துடைப்பார்கள், ஓடிய தூரம் சொற்பம். ஓய்வு பெறும்போது புதுப்பெண் மாதிரி இருக்கும். ஆகவே காட்சிக்கு வந்துவிடும். குப்பை லொறியோ காலை தொடக்கம் மாலை வரை, நின்று நின்று, ஈரத்தையும் புளிப்பையும் சுமந்து ஓடித் தேய்ந்து பழைய இரும்புக்குப் போய்விடும். துடைத்துவைக்க ஒரு சங்கமும் கிடையாது. ஆக, எஞ்சியிருப்பவற்றை மட்டும் பார்த்தால் நகரங்களைக் காப்பாற்றியது சிவப்பு வண்டிதான் என்று தோன்றும்.

1892இல் ஹம்பேர்க்கில் கொலரா வந்தபோது சில வாரங்களில் ஏறக்குறைய 8,600 பேர் இறந்தார்கள். எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக் கொடுத்ததே முக்கிய காரணம். மணலில் வடிகட்டிய பக்கத்து நகரமான அல்ட்டோனாவில் இழப்பு மிகக் குறைவு. நோய்ப் பயத்தில் சுற்றியுள்ள விவசாயிகள் ஹம்பேர்க்கின் குப்பையை எடுக்க மறுத்தார்கள். அதனால்தான் ஜேர்மனியின் முதலாவது குப்பை எரிக்கும் நிலையம் 1890களின் நடுப்பகுதியில் அங்கே, புல்லர்டைக் என்ற இடத்தில் எழுந்தது. அதன் பின்னர் மூடிய தொட்டி, மூடிய வண்டி, தூசு பறக்காமல் கொட்டும் முறை என்று நகரங்கள் முன்னேறின. அவுக்ஸ்பூர்க்கில் கெல்லர், க்னாப்பிஷ் என்ற இருவர் 1898இல் விளக்குக்கான அசிற்றலீன் வாயு தயாரிக்கத் தொடங்கிய கம்பனி, பின்னர் சுழலும் உருளை வைத்த குப்பை லொறி செய்தது. சீமெந்துக் கலவை லொறியைப் போல உருளை சுற்றச் சுற்ற, உள்ளேயுள்ள சுருள் தகடு குப்பையை முன்னுக்குத் தள்ளி நெருக்கும். 1960களில் ஐரோப்பாவின் நகரசபை வாகனச் சந்தையில் முதலிடம் அவர்களுக்குத்தான். அந்தக் கம்பனியை இன்று உங்களுக்கு வேறு தொழிலில் தெரியும். 'கெல்லர் உண்ட் க்னாப்பிஷ் அவுக்ஸ்பூர்க்' என்பதன் முதலெழுத்துகள்தான் 'கூகா'. தொழிற்சாலைகளில் கைநீட்டி வேலை செய்யும் அந்தச் செம்மஞ்சள் ரோபோ!

நகரசபை வாகனங்களில் ஒன்று மட்டும் புகழ் பெற்றது, ஊனிமொக். போர் முடிந்த கையோடு, விமான மோட்டார்ப் பொறியியலாளர் அல்பேர்ட் பிரீட்றிஷ் விவசாயிகளுக்காக வரைந்த வண்டி அது. முதல் மாதிரி 1946இல் ஓடியது. சில்லுகளின் இடைவெளி 1,270 மில்லிமீற்றர், அதாவது இரண்டு உருளைக்கிழங்கு வரிசையின் அகலம். தோட்டத்துக்குப் பிறந்தது, பனி தள்ளவும் புல் வெட்டவும் வீதி கழுவவும் நகரசபைக்குப் போய்விட்டது. காகனௌ ஊரில் 2006 முதல் அதற்கென்றே தனி அருங்காட்சியகம் உண்டு.

கடைசியாக, தலைப்பில் சொன்ன ஒரு யூரோ. ஜேர்மன் கணக்குப் பதிவில் ஒரு வாகனத்தின் பெறுமானத் தேய்வு முடிந்துவிட்டால், அது தொடர்ந்து பாவனையில் இருக்கும்வரை அதைப் புத்தகத்திலிருந்து அழிப்பதில்லை. ஒரு யூரோ பெறுமதியில் வைத்திருப்பார்கள். 'நினைவுப் பெறுமதி' என்றே அதற்குப் பெயர். நகரசபைகள் முன்பு வரவையும் செலவையும் மட்டுமே எழுதின, சொத்துக்குத் தேய்வு போடும் வழக்கம் இல்லை. இரட்டைப் பதிவு முறைக்கு மாறவேண்டும் என்று 2003இல் மாநிலங்கள் முடிவெடுத்தபின், முதல் ஐந்தொகை போடுவதற்காக ஒவ்வொரு ஊரும் தன் சொத்தை எண்ண வேண்டியதாயிற்று. எங்கள் பாடன் வுர்ட்டம்பேர்க் மாநிலத்துக்கு 2020 வரை தவணை இருந்தது. கராஜ் மூலையில் நின்ற பழைய ஏணி வண்டிகளும் இப்படித்தான் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன, தலைக்கு ஒரு யூரோவாக.

அந்த ஒரு யூரோ வண்டியை ஓடவைப்பதற்குச் செலவு வேறு. முப்பது வயது கடந்த, நல்ல நிலையிலுள்ள வாகனத்துக்கு 1997 முதல் 'எச்' எழுத்துள்ள இலக்கத்தகடு கிடைக்கும். பெரிய மோட்டாரோ சிறியதோ, ஆண்டு வரி 191 யூரோ 73 சதம்தான். ரயரும் எண்ணெயும் தொண்டர்களின் கையிலிருந்து. மார்பூர்க்கில் உள்ள பழைய பொலிஸ் வாகன அருங்காட்சியகம் ஒரு சங்கத்தின் உழைப்பில் நடப்பது. பச்சை வெள்ளைப் பொலிஸ் கார்களை நினைவில் வைத்திருக்கும் பழைய நேயர்கள் அங்கே போகலாம். அந்தக் காலத்தில் நம்மவர் பலர் இந்த நாட்டில் முதலில் ஏறிய கார் அதுதான் என்பதும் உங்களுக்குத் தெரியும்!

போக விரும்புவோருக்கு: ஸ்ருட்கார்ட் அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். எஸ் 1 ரயிலில் நெக்கார்பார்க் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். தீயணைப்பு மட்டும் பார்க்கவேண்டுமானால் புல்டா நகரில் உள்ள ஜேர்மன் தீயணைப்பு அருங்காட்சியகம் சிறந்தது. வின்னெண்டனிலும் சிறிய தீயணைப்பு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. தொண்டர்கள் நடத்தும் இடங்கள் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே திறக்கும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் இளைஞர் அணி எந்தக் கிழமையில் கூடுகிறது என்றும் அப்படியே கேட்டு வையுங்கள்.